ஒஹாயோவில் கொசாய்மஸ் என்றொரு மாவட்டம் இல்லை

“என்ர கழுத்திலை வாளை வைச்சாலும், என்ர வாயிலை இருந்து பிழையான தேர்தல் முடிவு ஒண்டு வராது!”

1940ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், தேக்காச் சந்தைக்குப் பின்புறம் முகைதீன் நடத்திவந்த தேநீர்க் கடையில், திருவாளர் பேரின்பநாயகம் இவ்வாறு முழங்கினார். இத்தகைய முழக்கத்தை எழுந்து நின்று செய்வதே முறை. ஆனால் அவர் எழுந்தால் பெஞ்சின் மறுமுனையில் இருந்தவர் தேநீரோடு தரையில் சாய்வார் என்பதால், பொதுநலம் கருதி உட்கார்ந்தபடியே முழங்கினார்.

“யாரு கிராணியாரே உங்க கழுத்துல வாள வைக்கப் போறா? அதுவும் ஒஹாயோவுக்காக!” என்றார் முகைதீன், தேநீரை இரண்டடி உயரத்தில் ஆற்றிக்கொண்டே. “நாடகக் கம்பெனிக்காரன் அட்டையில செஞ்ச வாள் ஒண்ணு வச்சிருக்கான். அதையும் மழை கரைச்சிருச்சு லா.”

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். அன்றைய சிங்கப்பூரில் வாளைப் பற்றி அப்படித்தான் சிரிக்க முடிந்தது. பதினைந்து மாதங்களில் வாள்கள் தாமாகவே வந்து இறங்கப்போகின்றன என்பது அங்கிருந்த எவருக்கும் தெரியாது.

பேரின்பநாயகத்தாரின் வாழ்க்கை வரலாற்றை யாரும் இதுவரை எழுதவில்லை. காரணம், எழுதும்படி அவர் எதுவும் செய்யவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பத்தொன்பது வயதில் கப்பலேறினார். ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு மாடியில், அமெரிக்க டயர்க் கம்பெனி ஒன்றின் ரப்பர் கொள்முதல் அலுவலகத்தில், கோப்புகளை அடுக்கும் கிராணியாகச் சேர்ந்தார். அடுக்கினார். குணவதியை மணந்தார். மேலும் அடுக்கினார். இதற்கிடையில் அவருக்கு ஒஹாயோ நேர்ந்தது.

ஒஹாயோ என்பது அமெரிக்காவின் மாநிலங்களுள் ஒன்று. கம்பெனியின் தலைமையகம் அங்கே ஆக்ரன் என்ற ஊரில் இருந்தது. அங்கிருந்து தட்டச்சுப் பொறிகளும் தராசுகளும் பெட்டிகளில் வரும். அவை உடையாமல் இருக்க அந்த ஊர்ச் செய்தித்தாள்களைக் கசக்கித் திணித்திருப்பார்கள். மற்றவர்கள் தட்டச்சுப் பொறியை எடுத்துக்கொண்டு தாளை எறிந்தார்கள். பேரின்பநாயகம் தாளை எடுத்துக்கொண்டார். வீட்டுக்குக் கொண்டுபோய், குணவதியின் கரிப்பெட்டியால் தேய்த்துச் சுருக்கம் நீக்கி வாசித்தார். அந்தத் தாள்களில் தேர்தல் முடிவுகளே மிகுதியாக இருந்தன. தேர்தல் முடிந்த மறுவாரம் ஒருவரும் அவற்றைச் சீண்டுவதில்லை போலும், பெட்டிகட்டுகிறவருக்கு அவைதான் தாராளமாகக் கிடைத்தன.

பிறகு புத்தகம் வந்தது. மாநில அரசு அச்சிட்ட தேர்தல் புள்ளிவிவரத் தொகுப்பு, செங்கல் கனம். எதற்கு அனுப்பினார்கள் என்று யாருக்கும் புரியவில்லை. துரை அதைக் காற்றுக்குக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டாக வைத்தார். பேரின்பநாயகம் கோப்போடு அந்தக் கதவைக் கடக்கும்போதெல்லாம் குனிந்து அரைப் பக்கம் வாசித்தார். ஒருநாள் ஆர்வ மிகுதியில் கையில் எடுத்துவிட்டார். கதவு துரையின் மூக்கருகே அறைந்து சாத்திக்கொண்டது. “உனக்கு இது அவ்வளவு பிடிக்குமென்றால் எடுத்துக்கொண்டு போ,” என்று துரை கத்தினார். தம் வாழ்நாளில் பெற்ற ஒரே பட்டமளிப்பு அதுதான் என்பது பேரின்பநாயகத்தாரின் கருத்து.

அதன்பின் எண்பத்தெட்டு மாவட்டங்களும் அவருக்கு மனப்பாடம். அதிபர், செனட்டர், ஆளுநர், துணை ஆளுநர், மாநிலச் செயலாளர், கணக்காய்வாளர், பொருளாளர், தலைமை வழக்குரைஞர் என்று வாக்குச்சீட்டில் மேலிருந்து கீழே எந்தப் பதவிக்கு எந்த ஆண்டு எவர் வென்றார், எந்த மாவட்டத்தில் எத்தனை வாக்கு என்று கேட்டால் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார். தாம் ஒருமுறைகூட வாக்களித்ததில்லை. பிறந்த ஊரில் இருந்தபோது வயது வரவில்லை. வயது வந்தபோது ஊரில் இல்லை. இந்தத் தீவிலோ அவரைப் போன்றவர்களை யாரும் எதையும் கேட்பதில்லை. வாக்குப் பெட்டி சதுரமா உருண்டையா என்பதுகூட அவருக்குத் தெரியாது. பக்தன் கடவுளைப் பார்த்துவிட்டா பாடுகிறான்?

“அந்த ஒஹாயோக்காரியோடை குடும்பம் நடத்துறதெண்டா அங்கயே போங்கோவன்,” என்பார் குணவதி. “அவளுக்கு எண்பத்தெட்டுப் பிள்ளையள். சோறு ஆக்கிப் போடட்டும்.”

போனார் என்றுதான் சொல்ல வேண்டும். காலையில் வேலைக்கு நடக்கும்போது அவர் சிராங்கூன் சாலையில் நடப்பதாகப் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உண்மையில் அவர் ஒஹாயோவில் நடந்துகொண்டிருந்தார். தேக்காச் சந்தை குயஹோகா மாவட்டம்; கூட்டமும் இரைச்சலும் அங்கேதான், எண்ணி முடிக்கவும் நேரமாகும். பெருமாள் கோயில் இருக்குமிடம் மாநிலத் தலைநகர். மாட்டுக் கொட்டில்கள் எல்லாம் உழவர் மாவட்டங்கள். அங்கே மாடுகள் பழைய கட்சிக்கே தலையாட்டின. ரோச்சோர் கால்வாய்தான் ஒஹாயோ ஆறு. நீர் வற்றிய வேளையில் அதன் சேற்று நீரில் தேங்காய் மட்டை மிதக்கும். அவர் கண்ணுக்கு அது பனிக்கட்டி மிதக்கும் ஆறாக, அக்கரையில் கெண்டகி மாநிலத்து விளக்குகள் மங்கலாக எரிய, மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும். பனியை அவர் கண்டதில்லை. குணவதி சல்லடையில் அரிசிமாவு அரிக்கும்போது மிதக்கும் தூளைக்கொண்டு ஒருவாறு ஊகித்திருந்தார்.

இத்தனையிலும் அவர் தலையாய உண்மையாகக் கருதியது ஒன்று. ஒஹாயோ எவரைத் தேர்ந்தெடுக்கிறதோ அவரே அமெரிக்காவின் அதிபர். 1896 முதல் ஒருமுறையும் தவறவில்லை. “சோதிடனிட்டை ஏன் போறியள்? ஒஹாயோவைக் கேளுங்கோ!” என்பார். முகைதீன் கடையில் அன்று எழுந்த முழக்கமும் இதையொட்டித்தான். யாரோ ஒருவர், ஏதோ ஒரு மாவட்டத்தின் கணக்கை அவர் கூட்டிச் சொல்வதாகச் சந்தேகப்பட்டுவிட்டார்.

பிப்ரவரி 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. பெயரும் மாறியது, சியோனான் என்றார்கள். கடிகாரத்தையும் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பிவைக்கச் சொன்னார்கள். அதனால் ஊரில் காலை என்பது இருட்டில் வந்தது. சூரியனுக்கு யாரும் உத்தரவு அனுப்பாததால் அது பழைய நேரத்துக்கே எழுந்தது.

துரை சிறைமுகாமுக்குப் போனார். வேலையாட்கள் வழக்கமான நேரத்துக்கு வந்து சேர வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டியிருந்ததால், பேரின்பநாயகம் அந்த இருட்டுக் காலையில் அலுவலகம் போய்த் தம் நாற்காலியில் உட்கார்ந்தார். மரப்படியில் தடக், தடக் என்று ஓசை ஏறி வந்தது. வந்தவர் கிதாகவா. மூக்குக்கண்ணாடி போட்ட மெல்லிய மனிதர். ரப்பர் இருப்பை மேற்பார்க்க அனுப்பப்பட்ட அதிகாரி. அவர் உயரத்துக்குப் பொருந்தாத நீண்ட வாள் ஒன்றை யாரோ அவருக்கு வழங்கியிருந்தார்கள். அது ஒவ்வொரு படியிலும் இடித்தது.

கிதாகவா உள்ளே வந்து, விறைத்து நின்று, “ஒஹாயோ!” என்றார்.

பேரின்பநாயகத்தாருக்கு மயிர்க்கூச்செறிந்தது. பன்னிரண்டு ஆண்டுகள்! இந்தத் தீவில் ஒரு மனிதர் தாமாக முன்வந்து ஒஹாயோ என்று கேட்டதில்லை. அதைக் கேட்க ஓர் ஆள் கடல் கடந்து, படையோடு வந்திருக்கிறார்.

எழுந்தார். “எந்த ஆண்டு, ஐயா?” என்று ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்டார்.

தம் மொழியில் சொன்ன காலை வணக்கத்துக்குப் பதில் வணக்கம் வராததால் கிதாகவாவின் முகம் சிவந்தது. கை வாளின் பிடிக்குப் போனது. “ஒஹாயோ கொசாய்மஸ்!” என்றார் உரக்க.

கொசாய்மஸ்.

பேரின்பநாயகம் கண்களை மூடினார். ஆடம்ஸ், ஆலன், ஆஷ்லன்ட், அஷ்டபுலா… மனத்துக்குள் எண்பத்தெட்டையும் ஓடிப் பார்த்தார். கொசாய்மஸ் இல்லை. ஆம் என்று தலையாட்டிவிட்டு ஏதோ ஓர் எண்ணைச் சொல்லியிருக்கலாம். யார் போய் அங்கே சரிபார்க்கப் போகிறார்கள்? வாளோ அரை அங்குலம் உறையைவிட்டு வெளியே வந்து பார்த்துக்கொண்டிருந்தது.

“மன்னிக்கவும் ஐயா,” என்றார், குரல் நடுங்க, ஆனால் சொல் நடுங்காமல். “ஒஹாயோவில் கொசாய்மஸ் என்றொரு மாவட்டம் இல்லை.” நிரூபிக்கும் பொருட்டு இருக்கும் எண்பத்தெட்டையும் அகரவரிசையில் ஒப்புவித்தார்.

கிதாகவா முதலில் திகைத்தார். பிறகு, ஏதோ மந்திரம் ஓதுகிறார்கள் போலும் என்று எண்ணி, ஓதி முடியும்வரை மரியாதையாக நின்றார். நாற்பதாவது மாவட்டத்தருகே அவருக்கு விஷயம் விளங்கத் தொடங்கியது. நிலவரைபடம் படித்த மனிதர். அறுபதாவதில் உதடு துடித்தது. எண்பத்தெட்டாவதான வையண்டாட்டில், ஜப்பானியப் பேரரசின் அந்தப் பிரதிநிதி கோப்பு அலமாரியைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். வாளைக் கழற்றிக் குடை வைக்கும் சாடியில் நிறுத்தினார். அன்றுமுதல் அது அங்கேதான் நின்றது. பேரின்பநாயகம் அன்றுமுதல் ‘ஒஹாயோ-சான்.’

ஆக, முழக்கம் சோதிக்கப்பட்டு, நின்றது. வாள் வந்தது, பிழையான முடிவு வரவில்லை. இதை அவர் முகைதீன் கடையில் ஒரு மாதம் சொன்னார்.

அந்தக் கடையில்தான் ஒஹாயோவுக்கு இன்னொரு பயனும் கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்கா என்று தெருவில் உச்சரித்தால் ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள். போர் என்ன ஆயிற்று என்று கேட்கக் கூடாது. ஆனால் ஒஹாயோ என்று கேட்கலாம். அது காலை வணக்கம். அப்பால் தெருமுனையில் காவலுக்கு நிற்கும் சிப்பாயின் முன்னாலேயே முகைதீன் உரக்கக் கேட்பார்:

“கிராணியாரே! ஒஹாயோ எப்படி?”

சிப்பாய் தன்னை வணங்குவதாக நினைத்துத் தலைசாய்ப்பான். கிராணியாரும் தலைசாய்ப்பார். கடையில் இருந்த எல்லோரும் தலைசாய்ப்பார்கள். பேரரசின் மீது இவ்வளவு மரியாதை கொண்ட தெரு சியோனானில் வேறு இல்லை என்று அந்தச் சிப்பாய் ஊருக்குக் கடிதம் எழுதியிருக்கக்கூடும்.

உண்மையில் கிராணியாருக்கு ஒஹாயோவைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரியாது. தாள்கள் நின்றுபோய் நாளாயிற்று. பசி வந்திருந்தது. மரவள்ளிக்கிழங்கு காலையிலும், மரவள்ளிக்கிழங்கு மாலையிலும். பசி அவருடைய ஒஹாயோவைப் பெருக்கியது. அரிசி வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்பவரின் முதுகு விரிந்து சோள வயலாகும். வயலுக்கு நடுவே ஒரு மரக் கொட்டகை, அதற்குள் கணப்படுப்பு, கம்பளிக் கோட்டில் பனித்தூள் ஒட்ட, உழவர்கள் ஒருவர்பின் ஒருவராகப் பெட்டியருகே போகிறார்கள், யாரும் யாரையும் அதட்டுவதில்லை. ஒவ்வொருவரிடமும் ஒருவர் எழுதுகோலை நீட்டி, “உங்கள் விருப்பம்?” என்று கேட்கிறார். அந்தக் கேள்வியைத் தம்மிடம் ஒருவர் கேட்கத்தான் அவர் வரிசை வரிசையாகக் கனவு கண்டார். அவர் முறை வரும்போதெல்லாம் அரிசிக்காரன், “பை எங்க?” என்று கேட்டுவிடுவான்.

இந்தக் கனவில் அவருக்கு ஒரு கூட்டாளி சேர்ந்தாள். சந்திரமதி, பக்கத்து அறையில் இருந்தவள், முப்பது வயதிருக்கும். அவள் கணவன் மருதப்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். 1943இல் சயாமுக்கு ரயில் பாதை போட மூன்று மாத வேலை என்று லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று மாதம் பதினேழு மாதமாயிற்று. சந்திரமதி அன்னாசி நார் திரிக்கும் பட்டறையில் வேலை செய்தாள், விரலெல்லாம் வெடிப்பு. மாலையில் மாடிப்படியில் உட்கார்ந்து விரலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே கேட்பாள்:

“கிராணி ஐயா, அந்த அஷ்டபுலா எங்க இருக்கு?”

“வடகிழக்கு மூலை, பிள்ளை. பெரிய ஏரிக்கரை. பனி முழங்கால் மட்டும் கொட்டும்.”

“பேரைக் கேட்டா நம்ம சாமி பேரு மாதிரி இருக்கு. அங்க மூட்டை தூக்குற வேலை உண்டா?”

“துறைமுகம் இருக்கு. இரும்புத் தாது இறக்குறவை.”

“அப்ப அவருக்கு வேலை கிடைக்கும்,” என்பாள் அவள், பெரிய நிம்மதியோடு.

ஒருநாள் அவள் ஒரு கனவைச் சொன்னாள். சயாம் காட்டில் தண்டவாளம் போட்டுக்கொண்டே போன மருதப்பன் அஷ்டபுலாவில் போய் நின்றானாம். அங்கே ஓட்டுப் போடும் வரிசையாம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பனியில் வெறுங்காலோடு, இவனும் வரிசையில் நின்றானாம். “பேர் என்னன்னு கேட்டாங்க. சொன்னாரு. புத்தகத்துல தேடுனாங்க. இருந்துச்சு ஐயா! அவர் பேரு அதுல இருந்துச்சு!”

பேரின்பநாயகம் விதிமுறையில் பெரும் கறார்க்காரர். குடியிருப்புத் தகுதி இல்லாதவர் பெயர் வாக்காளர் பட்டியலில் இடம்பெறாது என்று சொல்ல வாயெடுத்தார். உள்ளேயிருந்து குணவதியின் இருமல் கேட்டது. வாயை மூடிக்கொண்டார்.

1944 வந்தது. நவம்பர் ஏழு அமெரிக்காவில் தேர்தல் என்பது அவருக்குத் தெரியும். லீப் ஆண்டு நவம்பரில், முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய் எதுவென்று கணக்கிட எந்தப் பேரரசின் அனுமதியும் தேவையில்லை. முகைதீன் கடையில் அவர் குரலைத் தாழ்த்தி விளக்கினார். நாற்காலியில் இருப்பவர் பழைய ஆள். எதிர்த்து நிற்பவர் புது ஆள். பழைய ஆள் நீடித்தால் தொடங்கிய போரை விரைவில் முடிப்பார். புது ஆள் வந்தால், அவர் சாவி எந்தப் பூட்டுக்கு என்று பழகுவதற்கே ஓராண்டு போய்விடும்.

“அப்ப ஒஹாயோ சொன்னா முடிஞ்சுதுங்கிறீங்க,” என்றார் முகைதீன்.

“ஒஹாயோ சொன்னால் முடிஞ்சுது.”

இதை அவர் சொல்லியிருக்கக் கூடாது. ஏனென்றால் அந்த வாரத்தில்தான் குடியேற்றத்துக்குப் பெயர் எழுதும் அட்டவணைக்காரர் தெருவில் வந்து அறிவித்தார். ஊரில் வாய்கள் அதிகம், அரிசி குறைவு; ஆகவே கடலுக்கு அப்பால் காட்டை வெட்டிக் குடியேறுவோருக்கு நிலம் தரப்படும்; ஆண் துணையற்ற பெண்கள் முதலில் பெயர் கொடுப்பது நல்லது; போகாமல் இருப்பவர்களின் அரிசிப் பங்கு பாதியாகும்; வெள்ளிக்கிழமை மாலையே கடைசி. முன்னால் போனவர்களைப் பற்றி ஊரில் பேச்சு இருந்தது. காய்ச்சல் என்றார்கள். திரும்பி வந்தவர் குறைவு என்றார்கள்.

சந்திரமதி அன்று எண்ணெய் தடவவில்லை.

“போர் இன்னும் நாளாகும்னா நான் போயிடுறேன் ஐயா. பாதி அரிசியில எத்தனை நாள் இருப்பேன்? சீக்கிரம் முடியும்னா பல்லைக் கடிச்சிக்கிட்டு இங்கயே கிடப்பேன். அவரு வந்தா இந்தக் கதவத்தான தட்டுவாரு? நான் எங்கயோ காட்டுல கிடந்தா எப்படிக் கண்டுபிடிப்பாரு? எழுதப் படிக்கத் தெரியாத மனுசன்.” பிறகு படியைவிட்டு எழுந்து சொன்னாள்: “நீங்க வெள்ளிக்கிழமை ஒஹாயோவைச் சொல்லுங்க. அது சொல்றபடி செய்றேன்.”

ஒருவருடைய வாழ்க்கையின் முடிவு தம் கையில் வந்துவிட்டதைப் பேரின்பநாயகம் அப்போதுதான் உணர்ந்தார். பதினான்கு ஆண்டுகளாக அவர் அறிவித்த முடிவுகளால் ஒருவரும் ஒரு வேளை உணவைக்கூட மாற்றிக்கொண்டதில்லை.

செய்திக்கு வழியில்லை. வானொலிப் பெட்டிகள் முத்திரையிடப்பட்டிருந்தன. செய்தித்தாளில் பேரரசு நாள்தோறும் வென்றுகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை விடியாத காலையில், அலுவலக மரப்படியில் ஓசையின்றிக் கிதாகவா ஏறி வந்தார். கண்ணாடியைத் துடைத்தார். கதவைச் சாத்தினார்.

“ஒஹாயோ,” என்றார்.

“ஒஹாயோ கொசாய்மஸ்,” என்று ஒஹாயோ-சான் குனிந்தார்.

கிதாகவா தலையை ஆட்டினார். “இல்லை. ஒஹாயோ.” விரலால் காற்றில் ஒரு சதுரம் வரைந்து, அதன் வலது மேல்மூலையருகே புள்ளி வைத்தார். ஆக்ரன்! “அமெரிக்கா பேசத் தடை. முழு அமெரிக்கா நான் சொல்ல முடியாது. ஒஹாயோ சொல்லலாம். காலை வணக்கம்தானே.”

ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் காலைதோறும் அந்தச் சொல்லைப் பொழுதாகச் சொன்ன மனிதர், அன்று ஊராகச் சொன்னார். எந்த அறையில் எந்தக் காதொலிக் கருவியில் கேட்டாரோ, பரிசுப் பொட்டலத்தை அவிழ்ப்பதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆளுநர் பதவி பழைய ஆளின் கட்சிக்கு. செனட்டர் பதவி மயிரிழையில் புது ஆளின் கட்சிக்கு. அதிபருக்கு, அதுவும் மயிரிழையில், ஒஹாயோ தேர்ந்தெடுத்தது புது ஆளை.

“உனக்கு மகிழ்ச்சியா?” என்று கேட்டார் கிதாகவா.

“மிக்க நன்றி, ஐயா,” என்றார் பேரின்பநாயகம்.

அந்த ஆண்டு ஒஹாயோ தவறியது. அரை நூற்றாண்டில் அதுவே முதல் முறை. புது ஆள் ஒஹாயோவை வென்றார், அமெரிக்காவைத் தோற்றார். பழைய ஆளே நாற்காலியில் நீடித்தார். ஆனால் இதெல்லாம் முழு அமெரிக்காவைச் சேர்ந்த செய்தி, அதற்குத் தடை. பேரின்பநாயகத்தாரிடம் ஒஹாயோ மட்டுமே இருந்தது, அதை அவர் வேதமாக நம்பினார். ஆகவே அவர் அறிவுக்கு எட்டியவரை புது ஆள்தான் அமெரிக்க அதிபர், போர் நீளும்.

மாலையில் ரோச்சோர் கால்வாய் ஓரமாக நடந்தார். அன்று பனிக்கட்டி மிதக்கவில்லை, தேங்காய் மட்டைதான் மிதந்தது. அக்கரையில் கெண்டகி இல்லை. ஒரு மாடு நின்று கொண்டிருந்தது. மழை பிடித்து, விட்டது. நனைந்ததுகூட அவருக்கு யாருக்கோ நேர்ந்ததுபோல் இருந்தது. ஆளுநர் முடிவை மட்டும் சொல்லிவிட்டால் என்ன என்று எண்ணினார். பழைய ஆளின் கட்சி வென்றது என்பது பொய்யில்லை. வீட்டுக்குப் போனதும் குணவதியிடம் மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார்.

குணவதி கிழங்கின் தோலை உரித்துக்கொண்டே கேட்டார். “அவள் போகப் போறாளா?”

“நான் சொல்லுறதைப் பொறுத்திருக்கு.”

“காலமை அவள் பட்டறைக்குப் போகேல்லை. அறையைக் கூட்டி, கதவுக்குப் புதுக் கயிறு கட்டி வைச்சிருக்கிறாள். காட்டுக்குப் போறவள் ஏன் கதவைத் திருத்துறாள்?”

பேரின்பநாயகம் மனைவியைப் பார்த்தார். தேர்தல் நுணுக்கம் இவ்வளவும் எங்கே கற்றாள் என்பது அவருக்கு விளங்கவில்லை. சந்திரமதி வாக்கை எப்போதோ போட்டுவிட்டாள். எண்ணிச் சொல்லத்தான் ஆளைத் தேடினாள்.

ஐந்து மணிக்கு அவள் வந்தாள். தலை வாரிப் பொட்டு வைத்திருந்தாள். தெருமுனையில் அட்டவணைக்காரர் மேசை போட்டு உட்கார்ந்திருப்பது சன்னல் வழியே தெரிந்தது. அவள் வாசலுக்கு உள்ளே வராமல் நின்றாள்.

“ஒஹாயோ ஐயா?”

அவர் எழுந்தார். எழுந்து நின்று அறிவிக்க அன்றுதான் வாய்த்தது. கீழேயிருந்து தொடங்கினார், வழக்கமில்லை, மேலிருந்துதான் சொல்வார்.

“கவர்னர்… பழைய ஆளின்ர கட்சி.”

“சரிங்க.”

“செனட்டர்… அது மற்றக் கட்சி. கொஞ்ச வோட்டிலை.”

“சரிங்க ஐயா. பெரியவரு?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். எண்பத்தெட்டு மாவட்டங்களும், அவற்றின் மரக் கொட்டகைகளும், கணப்படுப்புகளும், வரிசையில் நின்ற அத்தனை உழவர்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குணவதியின் கைக்கத்தி நின்றது.

“பழைய ஆள்தான், பிள்ளை,” என்றார்.

“ஒஹாயோ அவரைத்தான் சொல்லிருச்சா?”

“ஓம்.”

“நிச்சயமாங்க?”

“நிச்சயம்,” என்றார் பேரின்பநாயகம், தமக்கே சரியாகக் கேட்காத குரலில். “அஷ்டபுலாவும் அவருக்குத்தான் போட்டிருக்கு.”